எர்மெலிந்தாவின் மரமும் பதினேழு மதியங்களும்

எர்மெலிந்தா கோபக்காரி என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபம் எந்தத் தேதியில், எதனால் வந்தது என்று அவர்களைக் கேட்டால் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுடைய கடைசிக் கோபம் 2010 ஜூலை 12ஆம் தேதி காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் வீட்டுக் கூடத்தில் தொடங்கியது. நான் இதை எழுதும் இன்றுவரை அது தீரவில்லை. தீர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

அவள் 1944இல் எங்கள் ஊரான பாஸோ லாபாச்சோவில் பிறந்தாள். பதினெட்டு வயதில் ஆற்றங்கரைப் பழக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தேழு வருடம் அங்கேயே, ஒரே பெல்ட்டின் முன்னால், ஒரே இடத்தில் நின்றாள். தோட்டங்களிலிருந்து வரும் ஆரஞ்சும் கமலாப் பழமும் கழுவப்பட்டு, மெழுகு பூசப்பட்டு, பெல்ட்டில் உருண்டு வரும். வரும் பழத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்து, கெட்டதைக் கீழே உள்ள பள்ளத்தில் தள்ள வேண்டும். செதில் பூச்சி உட்கார்ந்த பழம், துருச்சிலந்தி சுரண்டிய பழம், ஈ முட்டையிட்டு ஊசி முனையளவு துளை விழுந்த பழம் எல்லாம் அவள் கைக்கு வந்ததும் நின்றுவிடும். மற்றவர்கள் ஈ குத்தின பழத்தை வெயிலில் தூக்கிப் பார்த்துச் சொல்வார்கள். அவள் கட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. பெல்ட்டின் கடைசியில் மேற்பார்வையாளர் நின்று பெட்டிகளைச் சோதிப்பார். தப்பி வந்த கெட்ட பழங்களை எடுத்து, அதை விட்டவள் யார் என்று பார்த்து, ஒரு மரப்பெட்டியில் போடுவார். முறை முடியும் நேரத்தில் அந்தப் பெட்டியை அவள் நின்ற இடத்தில் கொண்டுவந்து வைப்பார். பெட்டியின் பக்கவாட்டில் சாக்கட்டியால் எண்ணிக்கை எழுதியிருக்கும். நாலு, ஒன்பது, இருபது என்று. திட்டு கிடையாது, தண்டனையும் கிடையாது. எல்லோரும் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அவ்வளவுதான். எர்மெலிந்தாவின் முன்னால் அந்தப் பெட்டி முப்பத்தேழு வருடத்தில் எத்தனை முறை வந்தது என்று அவளையே ஒருமுறை கேட்டேன். ஆறு முறை என்றாள். ஆறு முறையும் எந்த எண் என்று வரிசையாகச் சொன்னாள். எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

1994இல் பருவத்தின் கடைசி வாரம், கப்பல் காத்திருக்கிறது, செதில் தழும்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். மற்ற பெண்கள் விட்டார்கள். இவள் கையை நீட்டி, தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திப் பெல்ட்டையே நிறுத்திவிட்டாள். மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான்காம் நாள் வந்து அதே இடத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் தன் வீட்டுக் கமலா மரத்தின் ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று வீடுகளின் பின்முற்றங்களும் ஒரே மூலையில் சந்திக்கின்றன. எர்மெலிந்தாவின் முற்றம், அதை ஒட்டி அபாரிசியோவின் முற்றம், இரண்டுக்கும் பின்னால் என்னுடையது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு செங்கல் சுவர். என் பக்கத்தில் இடுப்பளவுச் சுவர்தான். கமலா மரம் அந்தச் செங்கல் சுவருக்கு அருகே, அவள் பக்கம் நிற்கிறது. அது நடப்பட்டது 1986 ஆகஸ்ட் 30. அன்று மாலை அறுபத்தொரு மில்லிமீட்டர் மழை. மழைக்கு முன்னால் அவள் கணவன் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

இதை நான் 2009இல் அவள் மகள் வந்திருந்தபோது, பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மரம் 1987இல் நட்டது என்று எர்மெலிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய், மழையோடு அந்தக் குழியையும் குறித்து வைத்திருந்த என் வானிலைப் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினேன். கணவன் அவளை விட்டுப் போனது 1987 பிப்ரவரியில். அவன் போன பிறகு தன் கையால் குழி தோண்டி நட்ட மரம் என்றுதான் மகளிடம் இருபது வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் காட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

அவள் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தாள். தோன் என்ற மரியாதைச் சொல்லை அப்போதும் விடவில்லை.

"தோன் சில்வானோ, உங்க நோட்டு உங்க சுவத்துக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். என் முற்றத்துல நடந்ததை நீங்க எழுத வேண்டாம்."

நான் ரயில் நிலையத்தில் வானிலை பார்ப்பவனாக இருந்தேன். 1992இல் ரயில் நின்ற பிறகு, வெப்பமானிப் பெட்டியையும் மழைமானியையும் என் முற்றத்துக்கு மாற்றிக்கொடுத்தார்கள். காலை எட்டு, பிற்பகல் இரண்டு, இரவு எட்டு என்று மூன்று வேளையும் பார்த்து எழுதுகிறேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அதனால் ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்கு விழித்திருக்கும் ஆள் நான் ஒருவன்தான். ஒரு மணியிலிருந்து நான்கு வரை பாஸோ லாபாச்சோவில் நாய்கூட எழுந்து நிற்காது. அந்த நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டினால், உள்ளே யாரோ இறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டியவர் இறக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் கேலியாகச் சொல்வார்கள். கேலி பாதிதான்.

எர்மெலிந்தா அந்த மரத்தைப் பூச்சியிடமிருந்து காத்த விதம் வேறு யாருக்கும் வராது. செதில் பூச்சிக்குச் சலவை சோப்பு நீர். கரும்பூஞ்சை படிந்தால் துணி. இளந்தளிரில் வெள்ளிக்கோடு இழுக்கும் புழு வந்தால் அந்தத் தளிரை மட்டும் கிள்ளி எரிப்பாள். ஈக்குச் சர்க்கரையும் காடியும் ஊற்றிய புட்டியைக் கிளைக்குக் கிளை தொங்கவிடுவாள். ஜூன் மாதம் பழுத்தால் ஒரு பழத்தில்கூடத் தழும்பு இருக்காது. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கூடை போகும். எனக்குப் பன்னிரண்டு பழம், சுவருக்கு மேல் நீட்டித் தருவாள். 1991 முதல் 2009 வரை, அந்த நோட்டுச் சண்டை நடந்த வருடம் உட்பட, ஒரு வருடமும் விட்டதில்லை.

அபாரிசியோவுக்குக் கூடை கிடையாது. அவனுக்கு ஒரு கிளையே இருந்தது. மரத்தின் மேற்குக் கிளை வளைந்து, சுவரின் உச்சியில் உட்கார்ந்து, அவன் பக்கம் இறங்கியிருந்தது. அதில் காய்ப்பது அவனுக்கு. அவன் ஒரு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். பெரிய வயிறு, பெரிய குரல், எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளும் குணம். 2008 டிசம்பரில் முற்றத்தில் இருந்த புல்லையும் பூச்செடியையும் ஒழித்து, முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டான். நடுவில் இறைச்சி சுடும் அடுப்பு. சுவரோரம் மழைநீர் வடிய விரலளவு இடைவெளி. இனிமேல் இந்த வீட்டில் பூச்சி புழு எதுவும் கிடையாது என்று தளம் காய்வதற்கு முன்பே எல்லோரிடமும் சொன்னான்.

2010 மே மாதக் கடைசியில் மரத்தின் இலைகளில் வளைந்து வெட்டிய விளிம்புகள் தெரிந்தன. அரைவட்டமாக, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல. எர்மெலிந்தாவுக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. இலைவெட்டி எறும்பு. எங்கள் மாநிலத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது. இலையைத் தின்பதற்காக வெட்டுவதில்லை. வெட்டித் தூக்கிப்போய் மண்ணுக்கடியில் அடுக்கி, அதில் பூசணம் வளர்த்துத் தின்னும்.

அவள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு இராத்திரி ஒன்பது மணிக்கு மரத்தடியில் போய் நின்றாள். ஒரு எறும்பும் இல்லை. விடியற்காலை நாலரைக்கு நின்றாள். இல்லை. மாலை ஐந்து மணிக்குக் கீழே வெட்டுப்பட்ட துண்டுகள் மட்டும் கிடந்தன. மரத்தடியைச் சுற்றி மூன்று அடிக்கு மண்ணைக் கிளறிப் பார்த்தாள். அடிமரத்துக்கு ஒரு மீட்டர் உயரம் சுண்ணாம்பு அடித்தாள். அதற்கு மேல் கம்பளி நூலைச் சுற்றிக் கிரீஸ் தடவினாள். எதிர்ப்புறக் காலி மனையில் இருந்த ஒரு புற்றைக் கண்டுபிடித்து, மண்வெட்டியால் உடைத்து வெந்நீர் ஊற்றினாள். அது வேறு எறும்பின் புற்று. குருணை மருந்தை வாங்கிவந்து அந்தி மயங்கும் நேரத்தில் மரத்தைச் சுற்றித் தூவினாள். இராத்திரிப் பனியில் அது ஊறி, காலையில் கூழாகக் கிடந்தது.

கோடையில் இந்த எறும்பு இராத்திரி நடக்கும். குளிர்காலத்தில், எங்கள் பக்கம் அது ஜூன், ஜூலை மாதங்கள், மண் சூடேறும் நேரத்தில், பிற்பகலில் நடக்கும். ஒன்றரைக்கு வெளியே வந்தால் மூன்றரைக்குள் வேலை முடித்துவிடும். அதாவது ஊர் முழுக்கக் கண்ணை மூடியிருக்கும் நேரம். எர்மெலிந்தா முப்பத்தேழு வருடம் காலை ஐந்து மணி முறைக்கு வேலைக்குப் போய், ஒரு மணிக்குத் திரும்பி, இரண்டு மணிக்குப் படுத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. தன் சொந்த முற்றத்தைப் பிற்பகல் இரண்டு மணி வெயிலில் அவள் பார்த்ததே இல்லை. ஊசித்துளையை விரலால் கண்டுபிடிக்கிறவள், எறும்பை எல்லா நேரத்திலும் தேடினாள், அது நடக்கும் நேரத்தைத் தவிர.

நான் பார்த்தேன்.

ஜூன் 19, பிற்பகல் இரண்டு மணி, 17.4 பாகை. வெப்பமானிப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அபாரிசியோவின் பக்கத்துச் சுவரில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கியது. தளத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த விரலளவு இடைவெளியிலிருந்து எறும்புகள் வெளியே வந்து, சுவரில் ஏறி, உச்சியில் உட்கார்ந்திருந்த மேற்குக் கிளை வழியாக மரத்துக்குப் போயின. திரும்பி வரும்போது ஒவ்வொன்றும் நெற்றிக்கு மேல் ஒரு இலைத்துண்டு. எர்மெலிந்தாவின் பக்கத்திலிருந்து அது தெரியவே தெரியாது. அடிமரத்துச் சுண்ணாம்பையும் கிரீஸையும் அவை தொடவே இல்லை.

என் பதிவேட்டில் கடைசிப் பத்தி, குறிப்புகளுக்கானது. ஆலங்கட்டி, உறைபனி, புகை, வெட்டுக்கிளி என்று எழுதுவோம். நான் எழுதினேன்: இலைவெட்டி எறும்பு, அபாரிசியோ சுவர், தளத்தின் அடியிலிருந்து, எர்மெலிந்தாவின் மரத்துக்கு. எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாளும். ஜூன் 19 முதல் ஜூலை 11 வரை இருபத்து மூன்று நாள். அதில் நான்கு நாள் மழை. இரண்டு நாள் பத்துப் பாகைக்குக் கீழே. எறும்பு வெளியே வரவில்லை. மீதிப் பதினேழு நாளும் வந்தது. பதினேழு நாளும் எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று இதை வாசிப்பவர் கேட்பார். முதல் இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில், அவள்தானே என் நோட்டை என் சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொன்னாள் என்பது. அது பொய். ஜூன் 27 மாலை ஐந்து மணிக்கு அவளும் அபாரிசியோவும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று போட்ட சண்டையை நான் மாத்தே இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டேன். கிளை வழியாக வருகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. கிளையை வெட்டிவிடுகிறேன் என்றாள். கோபத்திலும் அவளைத் தோன்யா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான் அவன்.

"அது என் கிளை," என்றான் அபாரிசியோ. "எங்கம்மா இருந்தப்பவே பேசி வெச்சது. அதுல கைய வெச்சா நடக்கிறது வேற."

"கிளை உன்னோடது. எறும்பு மட்டும் என்னோடதா?"

"என் வீட்ல எறும்பே கிடையாது, தோன்யா. வந்து பாருங்க. சிமெண்டுல எறும்பு முளைக்குமா? உங்க மண்ணுல புத்த வெச்சுக்கிட்டு ஊரைக் குத்தம் சொல்றீங்க."

அவள் போய்ப் பார்த்தாள். மாலை ஐந்தே கால். வெயில் இறங்கிவிட்டது. தளம் துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. அவன் கையை விரித்துக் காட்டினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனதை என் முற்றத்திலிருந்து பார்த்தேன். எர்மெலிந்தா தலையைக் குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். வாயில் மாத்தே உறிஞ்சும் குழல் இருந்தது. அதை எடுத்துவிட்டு நான்கு சொற்கள் சொல்லியிருக்கலாம்.

எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் புத்தி ஒன்று உண்டு. ஐம்பது வருடமாக அந்தப் புத்திக்குச் சம்பளம் கொடுத்து வளர்த்தார்கள்.  

ஜூலை பத்தாம் தேதிக்குள் மரத்தில் முக்கால் பங்கு இலை போய்விட்டது. மேற்குப் பக்கம் ஒரு இலைகூட இல்லை. தோல் உரித்த கோழி மாதிரி நின்றது. ஜூலை 12 விடியற்காலை, வானம் சுத்தம், காற்று இல்லை, மைனஸ் 2.1 பாகை. அந்தக் குளிர்காலத்தின் மிகக் கடுமையான உறைபனி. இலை போர்த்தியிருக்கும் கமலா மரம் அதைத் தாங்கும். பாதிரியார் வீட்டில் அதே வயதுள்ள மரம் ஒன்று இருக்கிறது. அதற்கு நுனித்தளிர் மட்டும்தான் கருகியது. இது அம்மணமாக நின்றது.

எட்டு மணிக் கணக்கு எடுத்து முடித்தேன். கதவில் எர்மெலிந்தா. ஒரு வருடமாக என் வீட்டுக்குள் கால் வைக்காதவள்.

"எவ்வளவு இறங்கிச்சுன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, அல்லது எண்ணைத் தன் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மைனஸ் 2.1 என்று இருந்த இடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு அந்த விரல் அதே வரியில் வலப்பக்கம் நகர்ந்தது. அப்படி நகரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பெல்ட்டில் பழம் போவதுபோல அவள் கண் மேலே போனது. ஜூலை 11. ஜூலை 10. ஜூலை 9. குறிப்புப் பத்தி முழுக்க ஒரே வரி. பக்கத்தைப் புரட்டினாள். ஜூன் 19 வந்ததும் நிறுத்தினாள்.

 நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பதினேழு," என்றாள். எண்ணியிருக்கிறாள். "பதினேழு தடவை பாத்திருக்கீங்க."

"ஆமா, தோன்யா."

"எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுது. எத்தனை மணிக்கு வருதுன்னு தெரிஞ்சுது. நான் ராத்திரியெல்லாம் டார்ச்சை வெச்சுக்கிட்டு நின்னதும் தெரிஞ்சுது."

"மதியத்துல கதவத் தட்டுறது..." என்று ஆரம்பித்தேன்.

"சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தொறந்துதான இருந்துச்சு?"

 அவள் குரல் உயரவே இல்லை. தெருவில் எல்லோரும் பயப்படும் அந்தக் குரலை அன்று எனக்காக அவள் செலவழிக்கவில்லை.

"எழுதி வெச்சீங்க," என்றாள். "எனக்குச் சொல்லலை. எழுதி வெச்சீங்க."

போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு இரண்டு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றபோது, 15.2 பாகை. எறும்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் தெருப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. எர்மெலிந்தா அபாரிசியோவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கையால் இல்லை, செருப்பைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தால். என் வயதில் இந்த ஊரில் அந்த நேரத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்கடுத்த வீட்டு ஜன்னலும். யார் இறந்தது என்று ஒருவர் கேட்டார். இன்னும் இல்லை என்று எர்மெலிந்தா சொன்னாள்.

அபாரிசியோ அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்தான். ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு. அவனை அவள் பேசவே விடவில்லை. கையைப் பிடித்துச் சமையலறை வழியாகப் பின்முற்றத்துக்கு இழுத்து வந்தாள். இருவரும் வெறுங்காலோடு சிமெண்டில் வந்து நின்றார்கள். நான் இடுப்பளவுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். போகவில்லை. போயிருந்தால் அது இன்னொரு கோழைத்தனம்.

"சிமெண்டுல முளைக்குமான்னு கேட்டியே. பாரு, முளைச்சிருக்கு."

அபாரிசியோ குனிந்து பார்த்தான். வயிறு இடித்தது. மண்டியிட்டுப் பார்த்தான். தளத்துக்கு அடியிலிருந்து எறும்பு ஊற்றுபோல வந்துகொண்டிருந்தது.  பிறகு அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எனக்குத் தெரியாது, தோன்யா. சத்தியமா. நான் தூங்கிட்டிருப்பேன்."

"நீ தூங்கிட்டிருந்த," என்றாள். "உன்னை நான் ஒண்ணும் சொல்லலை. தூங்குனவன் தூங்கினான்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பத் தேவையும் இல்லை.

தளத்தை உடைக்க அவன் ஒப்புக்கொள்ளவில்லை. உடைக்க அவசியமும் இல்லை. குருணை மருந்து வாங்கும்போது அவள் மூக்கால் மோந்து பார்த்திருக்கிறாள். அது காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சக்கையும் அரைத்து, விஷம் சேர்த்து உருட்டியது. கொட்டகையில் அவள் தள்ளிவிட்ட கெட்ட பழமெல்லாம் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. ஈரம் படாமல், கை படாமல், எறும்பு நடக்கும் நேரத்தில் அதன் பாதையோரம் வைத்தால், அதுவே தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அன்று இரண்டே காலுக்கு ஒரு தகரத் தட்டிலிருந்து கரண்டியால் எடுத்து, சுவரோரம் ஒரு கோடாக வைத்தாள். இரண்டு முப்பதுக்குள் கோடு காணாமல் போனது. இலையைக் கீழே போட்டுவிட்டுக் குருணையைத் தூக்கிக்கொண்டு போயின. மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாள் பாதிதான் எடுத்தன. ஜூலை 19, பிற்பகல் இரண்டு மணி, 19.0 பாகை, எறும்பு இல்லை. நான் எழுதினேன். இந்த முறை எழுதிவிட்டுச் சுவரருகே போய் இன்றைக்கு ஒன்றும் வரவில்லை, தோன்யா என்று உரக்கச் சொன்னேன். அவள் முற்றத்தில்தான் இருந்தாள். தகரத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஏழு நாளில் முடிகிற வேலை. ஜூன் 19 மாலை நான்கு மணிக்கு நான் சொல்லியிருந்தால் ஜூன் 26இல் முடிந்திருக்கும். உறைபனிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்திருக்கும். மரம் இலையோடு நின்றிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டாலும் விடை மாறவில்லை.

செப்டம்பரில் கிழக்குப் பக்கம் தளிர் விட்டது. மேற்குப் பக்கம் விடவில்லை. பட்டை வெடித்துப் பிசின் வழிந்தது. எர்மெலிந்தா விரல் நகத்தால் ஒவ்வொரு கிளையாகச் சுரண்டிப் பார்த்தாள். பச்சை தெரிந்தால் விட்டாள். பழுப்புத் தெரிந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டாள். அக்டோபர் 2ஆம் தேதி ரம்பத்தை எடுத்து, கோடு போட்ட இடத்திலெல்லாம் அறுத்தாள். அபாரிசியோவின் கிளைதான் முதலில் விழுந்தது. அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன் கிளை என்று அன்று அவன் சொல்லவில்லை. அறுத்த இடங்களில் சுண்ணாம்பு பூசினாள். பாதி மரம் மிச்சம். ஒற்றைத் தோளோடு நிற்கிற ஆள் மாதிரி அது இன்றும் நிற்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் முற்றத்துக்கு வந்தபோது, வெப்பமானிப் பெட்டியின் காலருகே ஒரு பழப்பெட்டி இருந்தது. கொட்டகையில் பயன்படுத்தும் அதே மரப்பெட்டி; பழையது, ஓரத்துத் தகரம் துருப்பிடித்திருந்தது. சுவருக்கு மேலாகத் தூக்கி வைத்திருக்கிறாள். அறுபத்தாறு வயதில், அவ்வளவு எடையை. உள்ளே செத்த கிளைகள், ஒரே அளவாக நறுக்கி, தடித்தது கீழேயும் மெல்லியது மேலேயும் வைத்து, நெருக்கி அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: 17.

அதற்குப் பிறகு நான்கு ஜூன் மாதங்கள் போய்விட்டன. பாதி மரம் காய்க்கிறது; பழத்தில் ஒரு தழும்பு இல்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் கூடை போகிறது. அபாரிசியோவுக்குக் கிளை இல்லாததால் அவனுக்கும் ஒரு கூடை போகிறது. அவன் வேண்டுமென்றே என் சுவருக்கு அருகே நின்று உரித்துத் தின்கிறான்.

"என்ன தோன் சில்வானோ, இந்த வருஷமும் வரலையா?" என்று கேட்பான். "நான் ஒண்ணு குடுத்தா திட்டுவாங்க. அவங்க எண்ணித்தான் குடுக்கிறாங்க."

நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். குளிர்காலத்தில் எர்மெலிந்தா இப்போது மதியம் தூங்குவதில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வெயிலில் மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கும்போது இருவரும் விழித்திருக்கிறோம், ஊரில் வேறு யாரும் இல்லை. சுவரைப் பார்த்துவிட்டு, எறும்பு உண்டு அல்லது இல்லை என்று உரக்கச் சொல்கிறேன். அவள் தலையைத் திருப்புவதில்லை. ஆனால் ஒரு நாள் நான் தொண்டைக் கட்டோடு மெதுவாகச் சொன்னபோது, மறுபடியும் சொல்லும்படி கையை அசைத்தாள்.

பெட்டியில் உள்ள விறகு நன்றாகக் காய்ந்துவிட்டது. கமலா விறகில் இறைச்சி சுட்டால் மணம் தனி என்று அபாரிசியோ இரண்டு முறை கேட்டான். கொடுக்கவில்லை. மழையில் சாக்கட்டி எழுத்து அழியும். அழியும்போதெல்லாம் நானே அதன் மேல் திரும்ப எழுதுகிறேன்.